நிரல் ஓடினால் போதாதா?

கேள்வி: பொறியியற் கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் மகன் எழுதிய சி மொழி நிரல் பிழையின்றி ஓடியது, ரெக்கார்டு நோட்டையும் உரிய நாளில் ஒப்படைத்தான். ஆயினும் வைவாவில் மதிப்பெண் குறைந்துவிட்டது. இது நியாயமா?
– ஒரு வாசகி, வண்டன்மேடு

பதில்: அம்மா, தங்கள் மனக்கிலேசம் இயல்பானதே. எனினும், ரெக்கார்டு நோட்டைப் பிறர் நோட்டைப் பார்த்தும் நிரப்பலாம், திரையில் ஓடும் நிரல் நண்பனின் பென்டிரைவிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால், மாணவனை எதிரில் அமர்த்தி, ஒரு வரியைச் சுட்டி, 'இது எதற்கு?' என்று வினவும் வழக்கத்தை நான் பூரணமாக ஆதரிக்கிறேன்.

தங்கள் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். புற்றடி ஏல மையத்தில் இரண்டு லாட் ஏலக்காய் கிலோ 2400 ரூபாய்க்கும் 2405 ரூபாய்க்கும் போயின என்று வைத்து, இரண்டையும் கூட்டி 2-ஆல் வகுத்துச் சராசரி காணச் சொன்னால், விலைகளை முழு எண்களாக அறிவித்த சி நிரல் 2402 என்றே விடை தரும். ஐம்பது காசு எவ்வித எச்சரிக்கையுமின்றி மறைந்துபோகும். 2.0-ஆல் வகுத்து, விடையைத் தசம எண்ணாகவே அச்சிட்டால்தான் 2402.50 கிட்டும். 2400, 2410 என்ற விலைகளை மட்டும் இட்டுப் பார்த்தவனுக்கு இக்குறை தென்படாது. பரீட்சகர் ஒரு விலையை மாற்றச் சொன்ன க்ஷணமே வெளிப்படும்.

விஷயம் தெரிந்தும் ஆங்கிலம் தடுமாறியதால் மதிப்பெண் போயிருப்பின், அது அநியாயமே. ஆசிரியரிடம் தாராளமாக முறையிடலாம்.

அடுத்த முறை, ஒப்படைப்பதற்கு முந்தின இரவு, நிரலை வரிவரியாகத் தங்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அவன் தயங்கும் வரிகளில் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். காலையில் அவற்றை மட்டும் படித்துவிட்டு லேபுக்குச் செல்லட்டும்.