சளி காய்ச்சலுக்கு மட்டுமா குடும்ப டாக்டர்?

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் பக்கத்துத் தெரு எம்.பி.பி.எஸ். டாக்டர் போதும்; கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் நேரே ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய்விட வேண்டும், நடுவில் இன்னொருவருக்கு எதற்கு ஃபீஸ் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. முட்டி வலித்தால் எலும்பு டாக்டர், படபடத்தால் இதய டாக்டர், கால் மரத்தால் நரம்பு டாக்டர் என்று உறுப்புவாரியாக ஆள் தேடுவதுதான் விவரமானவர்கள் செய்யும் காரியம் என்றும் நினைக்கிறோம். ஸ்பெஷலிஸ்ட்டுக்குத் தன் துறையில் கூடுதலாகத் தெரியும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வைத்தியத்துக்கு இரண்டு அறிவு வேண்டும். நோயைப் பற்றிய அறிவு ஒன்று, இந்த நோயாளியைப் பற்றிய அறிவு இன்னொன்று. முதலாவது படிப்பால் வரும். இரண்டாவது, ஒரே ஆளை வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் வரும். அதை நாம் ஒரு தகுதியாகவே எண்ணுவதில்லை. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நார்வேயில் 2001 முதல் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட பொது மருத்துவரிடம் பெயரைப் பதிந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே 45 லட்சம் பேரின் 2018-ம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். டாக்டரை மாற்றி ஒரே வருஷம் ஆனவர்களோடு ஒப்பிட்டால், ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களில் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பும் ஏறத்தாழ கால்பங்கு குறைவாக இருந்தன. இது ஒற்றை நாட்டுக் கதையும் அல்ல. ஒன்பது நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளை 2018-ல் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் இறப்பு குறைவு என்று 18 ஆய்வுகள் காட்டின. நிதானமாக ஓரிடத்தில் வாழ்கிறவர்கள்தான் ஒரே டாக்டரிடம் இருப்பார்கள், அவர்கள் இயல்பிலேயே ஆரோக்கியமானவர்களாக இருக்கலாம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இவை மக்களைக் கவனித்துச் சொன்ன ஆய்வுகள். சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. ஆனாலும் நார்வேக் கணக்கு வயது, நோய் போன்ற வேறுபாடுகளைக் கழித்துவிட்டுப் போட்டது. அதில் பலன் ஒரே தாவலில் வந்துவிடவும் இல்லை; உறவுக்கு வருஷம் கூடக்கூடப் படிப்படியாகக் கூடியிருக்கிறது. வெறும் தற்செயல் இப்படி ஒழுங்காகப் படியேறுவது அரிது.

எப்படி இது நடக்கிறது என்பதை மருந்துச் சீட்டுகளில் பார்க்கலாம். முட்டிவலிக்காரப் பெண் ஒருவர், அறுபது வயது என்று வைத்துக்கொள்வோம். எலும்பு டாக்டர் எழுதிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் போடுகிறார். அந்த வகை மாத்திரை பலருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்த இன்னொருவர் அம்லோடிபின் தருகிறார். அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்த மூன்றாமவர் நீர் மாத்திரை எழுதுகிறார். நீர் மாத்திரை யூரிக் அமிலத்தைக் கூட்டும். கால் பெருவிரல் மூட்டு சிவந்து வலிக்கத் தொடங்கும். நான்காமவர் மறுபடியும் வலி மாத்திரை எழுதுகிறார். இந்தச் சுற்றில் கடைசியாக அடிவாங்குவது சிறுநீரகம். நால்வரில் ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை. தன் முன்னால் இருந்ததற்கு ஒவ்வொருவரும் சரியான மருந்தைத்தான் எழுதினார்கள். கண்ணில் படாமல் போனது வரிசை. முதல் வலி மாத்திரைக்கு முன்னால் பிரஷர் எவ்வளவு இருந்தது என்று தெரிந்த ஒருவர் இருந்திருந்தால், இரண்டாவது மாத்திரையை எழுதுவதற்குப் பதில் முதலாவதை நிறுத்திப் பார்த்திருப்பார். நம் ஊரில் ஒரே மருந்து பத்துப் பெயர்களில் விற்பதால், இரண்டு சீட்டுகளில் இருப்பது ஒரே மருந்துதான் என்று தெரியாமல் இரட்டிப்பாக விழுங்குகிறவர்களும் உண்டு. சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு பி12 குறைந்து கால் மரத்துப்போகலாம். நேரே நரம்பு டாக்டரிடம் போகிறவர் பழைய சீட்டைக் கொண்டுபோகாவிட்டால், அந்தத் தொடர்பு பிடிபட நாளாகும்.

சரி, வருஷத்துக்கு ஒருமுறை மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்துவிட்டால் போதாதா? போதாது. பொதுவான உடல் பரிசோதனைகள் உயிரைக் காக்கின்றனவா என்று இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற 17 சோதனைகளை கோக்ரேன் அமைப்பு 2019-ல் தொகுத்தது. மொத்த இறப்பைப் பொறுத்தவரை பலன் ஒன்றும் தெரியவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். அறிகுறியே இல்லாதவருக்கு நாற்பது சோதனை செய்தால் ஒன்றிரண்டு எண்ணாவது எல்லையைத் தாண்டி நிற்கும். அது அவருக்கு எப்போதும் அப்படித்தானா, புதிதாக வந்ததா என்று சொல்ல முந்தைய எண் வேண்டும், அதை அர்த்தப்படுத்த ஆளைத் தெரிந்தவர் வேண்டும். இல்லையென்றால் அந்த எண் இன்னொரு ஸ்கேனுக்கு வழி காட்டும், ஸ்கேன் இன்னொரு பயத்துக்கு. தலைவலி ஒன்றுக்கு நேராக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போவதிலும் இதே சிக்கல் உண்டு. அவர் பழகியது, வேறொரு டாக்டர் சலித்து அனுப்பிய நோயாளிகளோடு. அந்தக் கூட்டத்தில் மூளையில் கட்டி இருக்கக்கூடிய வாய்ப்பு அதிகம். தெருவில் தலைவலியோடு நடப்பவரிடம் அது மிகக் குறைவு. சலிக்காமல் போனால், தேவையில்லாத சோதனைகள் நம் தலையில்தான் விழும்.

இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் உண்டு: உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு எதற்கு டாக்டர்? இதற்குப் பதில் ஒரு கிராமத்தில் கிடைக்கிறது. வேல்ஸ் நாட்டின் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற பொது மருத்துவர் 1960-களிலிருந்து வேலை பார்த்தார். சளிக்கு வந்தவர், காயத்துக்கு வந்தவர், குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தவர் என்று யாரையும் விடாமல் ரத்த அழுத்தம் பார்த்தார்; வராதவர்களைத் தேடிப்போனார். அழுத்தம் அதிகம் இருந்தவர்களை வருஷக்கணக்கில் விடாமல் தொடர்ந்தார். அந்த 25 வருஷக் கணக்கு 1991-ல் வெளியானபோது, 65 வயதுக்குள் இறப்பது பக்கத்தில் இருந்த அதே மாதிரியான கிராமத்தைவிட 28 சதவீதம் குறைவாக இருந்தது. புது மருந்தும் இல்லை, பெரிய கருவியும் இல்லை. வலிக்காத வியாதியை வலிக்கும் முன்பே பிடித்து, பிடித்த பிறகு கைவிடாமல் இருந்தார், அவ்வளவுதான். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது; தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேர். இவர்களுக்கு வேண்டியதும் இந்த மாதிரியான விடாப்பிடிதான்.

ஐந்து நிமிஷம்கூட முகம் பார்க்காத டாக்டரிடம் எப்படி உறவு வளரும் என்ற மறுப்பு உண்மையான வேதனையிலிருந்து வருவது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் நேரம் குறைவு என்பதே ஒரே டாக்டரிடம் போவதற்கு இன்னும் வலுவான காரணம். புதியவரிடம் அந்த ஐந்து நிமிஷமும் பழைய கதையைச் சொல்வதிலேயே தீர்ந்துவிடும். தெரிந்தவரிடம் இன்றைய தொந்தரவிலிருந்தே தொடங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பியிருப்பவர்களுக்கு வேறு கஷ்டம்: டாக்டருக்கு மாற்றல் வந்துவிடும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அது பெரிய காரியம். மாத்திரை தொடர்கிற மாதிரி டாக்டரும் தொடர வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

நெடுநாள் பழக்கத்தில் டாக்டர் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட மாட்டாரா? விடலாம். அப்போது இரண்டாவது கருத்து கேட்பதில் தவறே இல்லை. நல்ல டாக்டர் அதற்குக் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். மார்வலி, ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் என்றால் எந்த டாக்டருக்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மற்ற நாட்களுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க, முதல் தடவை போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, இது எதற்கு, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து என்று கேட்கிறாரா, ஏதாவது ஒன்றை நிறுத்தலாமா என்று யோசிக்கிறாரா, தனக்கு மிஞ்சியதை இன்னாரிடம் போங்கள் என்று கடிதம் எழுதித் தருகிறாரா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அவரை விடாதீர்கள்.