கேரியர் இல்லாத சைக்கிளில் சுமை ஏற்றலாமா?

பால்காரரின் சைக்கிள் ஒன்றையும் பந்தயச் சைக்கிள் ஒன்றையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். பால்காரரின் சைக்கிளில் கனத்த எஃகுச் சட்டம், ஒன்றரை அங்குல அகல டயர், பின்சக்கரத்தில் 40 கம்பிகள் இருக்கும். பந்தயச் சைக்கிளின் டயர் ஏறக்குறைய ஓர் அங்குல அகலமே, கம்பிகளும் குறைவு. கேரியரைத் திருகிப் பொருத்தும் துளைகள்கூடப் பெரும்பாலும் இரா. முதலாவது சுமைக்காகச் செய்யப்பட்டது, இரண்டாவது வேகத்துக்காக.

ஆனால் இத்தகைய சைக்கிளில் பள்ளிக்கு வரும் மாணவர்களுக்கும் புத்தகமும் சாப்பாட்டு டப்பாவும் உண்டு. அவற்றை எங்கே வைப்பது? எடை எவ்வளவு என்பதைப்போலவே, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். இடங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

கைப்பிடியில்

சைக்கிள் இடப்புறம் சாயும்போது நீங்கள் அறியாமலே கைப்பிடியைச் சிறிது இடப்புறம் திருப்புகிறீர்கள். சக்கரங்கள் உடலுக்கு அடியில் வந்துசேர, சைக்கிள் நிமிர்கிறது. இந்தச் சிறு திருத்தங்கள் ஓயாமல் நடப்பதால்தான் நீங்கள் விழுவதில்லை. கைப்பிடியில் தொங்கும் பை ஊசல்போல் ஆடி இத்திருத்தங்களைக் கெடுக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பையோ அதன் வாரோ கம்பிகளுக்கு இடையே சிக்கினால் முன்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். நிலைமத்தின் காரணமாக உங்கள் உடல் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். தலைகுப்புற விழ நேரும். ஆகவே கைப்பிடியில் பையைத் தொங்கவிடவே கூடாது.

பின்னால்

சீட்டுத் தண்டில் இறுக்கிப் பொருத்தும் ஒற்றைக்கை கேரியர்கள் கடைகளில் கிடைக்கின்றன. தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி 5 கிலோ வைத்தால், திருப்புத்திறன் 5 × 30 = 150 கிலோ–செ.மீ. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது இது இன்னும் கூடும். எனவே தயாரிப்பாளர் குறித்துள்ள எடையைத் தாண்டக் கூடாது. தண்டோ சட்டமோ கார்பன் இழையால் ஆனதாயின் அதன்மேல் கேரியரை இறுக்கவே வேண்டாம். கார்பன் இழை நீளவாக்கில் மிக உறுதியானது; பக்கவாட்டில் நெரித்தால் விரிசல் காணலாம்.

கேரியரை எப்படியோ பொருத்தி இருபுறமும் பை தொங்கவிட்டாலும் வேறொரு சிக்கல் எழுகிறது. பந்தயச் சைக்கிளில் பெடல் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 41 செ.மீ.தான் உண்டு. குதிகால் பையில் இடிக்கும். பையைப் பின்னுக்குத் தள்ளினால் நெம்புகோல் தத்துவம் குறுக்கிடுகிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 100 செ.மீ. எனக் கொள்வோம். பின் அச்சுக்கு 20 செ.மீ. பின்னால் 10 கிலோ வைத்தால், முன்சக்கரத்தின் மேலுள்ள பாரம் 10 × 20 ÷ 100 = 2 கிலோ குறைகிறது. பின்சக்கரம் 12 கிலோவைக் கூடுதலாகத் தாங்குகிறது. வழிகாட்ட வேண்டிய முன்சக்கரம் இலேசாகி, மெல்லிய பின்டயர் அவதிப்படுகிறது.

முதுகில்

முதுகுப் பையால் சட்டத்துக்குத் தீங்கில்லை. ஆனால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடுகிறது. தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் உள்ள பை, சைக்கிள் 10 பாகை சாய்ந்தால் பக்கவாட்டில் சுமார் 23 செ.மீ. விலகுகிறது. 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் 9 செ.மீ. மட்டுமே. சிக்னலில் காலூன்றி நிற்கும்போது இந்த வேறுபாட்டை உங்கள் கால் நன்கு உணரும். பையை மாட்டினால் இரு தோள்களிலும் மாட்டி, ஆடாதபடி வார்களை இறுக்குங்கள்.

சட்டத்தின் நடுவே

மூன்று குழாய்கள் சேரும் முக்கோணத்துக்குள் தட்டையான பையொன்றைக் கட்டினால் எடை தாழ்வாகவும் இரு சக்கரங்களுக்கு இடையிலும் அமைகிறது, ஆடுவதும் இல்லை. கனமான பொருள்களுக்கு இதுவே சிறந்த இடம். முழங்கால் உரசாத அளவு மெல்லியதாகப் பை இருக்க வேண்டும்.

1954இல் வியட்நாமின் டியன் பியன் பூ போரின்போது, வியட் மின் படையினருக்கான உணவும் வெடிமருந்தும் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் மலைப்பாதை வழியே சென்றன. ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கும் மேல் ஏற்றினார்கள். மூட்டைகளைச் சட்டத்தின் இருபுறமும் கட்டி, கைப்பிடியில் மூங்கில் கழியைச் சேர்த்து நீட்டி, நடந்தபடியே தள்ளிச் சென்றார்கள். கழி நீண்டதால் குறைந்த விசையில் சக்கரத்தைத் திருப்ப முடிந்தது.

ஒன்றை மறவாதீர்கள். உங்கள் எடை 50 கிலோ, சைக்கிள் 10 கிலோ எனில், 10 கிலோ சுமை சேர்ந்ததும் அதே வேகத்தில் இயக்க ஆற்றல் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. அவ்வளவையும் பிரேக்தான் வெப்பமாக மாற்ற வேண்டும். எனவே முன்கூட்டியே பிரேக் பிடியுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்து பாருங்கள்

சைக்கிளின் அருகே நின்று, புத்தகப் பையை முதலில் சீட்டின்மேல் கட்டி, வண்டியைச் சற்றுச் சாய்த்து நிமிர்த்துங்கள். பிறகு அதே பையைச் சட்டத்தின் நடுவே கட்டி, அதே அளவு சாய்த்து நிமிர்த்துங்கள். எப்போது கைக்கு அதிக வேலை?

ஒரு கணக்கு: பின் அச்சுக்கு 40 செ.மீ. முன்னால், சட்டத்தில் 10 கிலோ கட்டினால், ஒவ்வொரு சக்கரமும் கூடுதலாகத் தாங்கும் பாரம் எவ்வளவு? (விடை: முன்சக்கரம் 4 கிலோ, பின்சக்கரம் 6 கிலோ.)