நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்தால்…

வேளச்சேரி விஜயநகர், தண்டீஸ்வரம் பகுதிகளில் வீடு எடுத்துச் சேர்ந்து தங்கும் நண்பர்களிடையே மனத்தாங்கல் பெரும்பாலும் பணத்திலும் வேலைப் பங்கீட்டிலும்தான் தொடங்குகிறது.

● அட்வான்ஸ்: ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருந்தாலும், யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி அனைவரும் கையெழுத்திடுவது நல்லது. நடுவில் காலி செய்பவருக்கு அவர் பங்கை யார் தருவது என்பதும் அதில் இருக்கட்டும்.

● கரண்ட் பில்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், இடையில் ஊருக்குப் போனவர் முழுப் பங்கு தரத் தயங்குவார். ஏசி அறைக்குத் தனி சப்-மீட்டர் வைத்தால் வாக்குவாதம் குறையும்.

● கைமாற்று: திருப்பித் தரும் தேதியைச் சொல்லியே வாங்க வேண்டும். தாமதமானால், கொடுத்தவர் கேட்கும் முன் வாங்கியவரே சொல்லிவிடுவது முறை.

● வீட்டு வேலை: தண்ணீர் கேன், குப்பை, பாத்திரம் மூன்றுக்கும் வார முறை வகுக்கலாம். இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்குக் காலை வேலை வேண்டாம்.

● மழைக்காலம்: 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைக் கண்ட பகுதி இது. கனமழை எச்சரிக்கை வந்தால் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவார்கள். வெளியூர் செல்பவர் சாவியை யாரிடம் தருவது என்பதை அக்டோபரிலேயே பேசிவிடலாம்.

● குறை: வாட்ஸ்அப் குழுவில் குத்திக்காட்டாமல், உரியவரிடம் தனியாக, அன்றைக்கே சொல்வது நல்லது.