இனிப்பே தொடாத பிள்ளைக்கும் பல் சொத்தையா?

புளியங்காயைக் கண்டாலே வாயில் எச்சில் ஊறுகிறதல்லவா? 'சீ, எச்சில்!' என்று நாம் முகம் சுளிக்கும் அந்த உமிழ்நீர்தான் பற்களுக்குக் காவல்காரன். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது.

"ஊசி போட ஆரம்பிச்சதிலேர்ந்து பையனுக்கு சாக்லேட்டைக் கண்ணுல காட்டறதில்லே டாக்டர். அவனுக்குப் போய் ரெண்டு கடைவாய்ப் பல்லுல சொத்தை!" நீரிழிவு உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் இப்படித்தான் அங்கலாய்க்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பல்லைச் சொத்தையாக்குவது இனிப்பு மட்டுமல்ல. பிஸ்கட், ரொட்டி என்று பல்லிடுக்கில் ஒட்டுகிற மாவுப் பண்டம் எல்லாமே கிருமிகளுக்குத் தீனிதான். அதைத் தின்று அவை அமிலத்தை உண்டாக்குகின்றன. வாயின் பி.ஹெச். அளவு சாதாரணமாக 7-ஐ ஒட்டியே இருக்கும். அது சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். மறுபடி ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அதை ஏற்றிவிடுவது யார்? உமிழ்நீர்தான். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தைப் பூசி மெழுகுகின்றன.

இப்போது நீரிழிவுக்கு வருவோம். ரத்தத்தில் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகம் அதைத் தண்ணீரோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. உடம்பு வறண்டு போகிறது. உமிழ்நீரும் குறைந்து பிசுபிசுப்பாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஏறிய சர்க்கரையில் கொஞ்சம் உமிழ்நீரிலும் ஈறோரத்து நீரிலும் கசிகிறது. பிள்ளை இனிப்பைத் தொடாவிட்டாலும் கிருமிகளுக்கு விருந்து கிடைத்துவிடுகிறது! சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆகவே வீணாகப் பயப்பட வேண்டாம்.

வறட்சியை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் கேட்கிறானா? ரஸ்க்கைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லையா? காலையில் உதடு பல்லோடு ஒட்டிக்கொள்கிறதா? முதலில் ரத்த சர்க்கரையைப் பாருங்கள்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நடுராத்திரியில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் குளுக்கோஸ் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது பல்லைப் பற்றி யோசித்துத் தாமதிக்காதீர்கள். ஆனால் நிலைமை தெளிந்த பிறகு, வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுத் தூங்க வையுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். இனிப்பு விடியும்வரை பல்லிலேயே தங்கிவிடும். பள்ளிக்கூடப் பையிலும் சப்பிக்கொண்டே இருக்கிற மிட்டாயைவிட, தண்ணீரில் கலந்து உடனே குடிக்கிற குளுக்கோஸ் பொடி மேல்.

ராத்திரி பல் துலக்குவதுதான் முக்கியம். ஃப்ளூரைடு கலந்த பேஸ்ட்டே போடுங்கள். நான் சித்த வைத்தியன். "வேப்பங்குச்சி சொல்லாமல் பேஸ்ட் சொல்கிறாரே" என்று நினைக்கலாம். உமிக்கரி, செங்கல் பொடி போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் தேயும். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலாவைக் கஷாயமாக்கி வாய் கொப்பளிக்கலாம்; ஈறுக்கு இதம். ஆனால் விழுந்த குழியை அது மூடாது. எங்கள் லேகியங்களிலும் மணப்பாகுகளிலும் வெல்லமோ சர்க்கரையோ இருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. சின்ன வயதில் வருகிற நீரிழிவில் பெரும்பாலும் கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு "இன்சுலினை நிறுத்துங்க, மூலிகையே போதும்" என்று யாராவது சொன்னால், அவர் என் துறைக்காரராகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். உயிர் விஷயம்.

பல் டாக்டரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். நீரிழிவு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலை டிபனும் ஊசியும் முடித்துப் போவது நல்லது. வெறும் வயிற்றோடு நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். வலி இல்லையே என்று சொத்தையைத் தள்ளிப்போடவும் கூடாது. சீழ் பிடித்துவிட்டால் ரத்த சர்க்கரை தாறுமாறாக ஏறும். இன்சுலின் அளவையே மாற்ற வேண்டி வரலாம்.