அடுப்படி வரை போய்ப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

  

உன் அம்மா நேற்று போனில் வளையல் விஷயத்தைச் சொன்னாள். நீ விற்கப்போகிற பாத்திரம் கழுவும் லிக்விடுக்கு ஒரு லிட்டர் பாட்டில், மேலே அழுத்துகிற பம்ப். அதன் மோல்டுக்கு முன்பணம் கட்ட அவள் வளையல் பேங்குக்கு அடகு போகிறதாம். அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான் என்பது உனக்கே தெரியும். 

நீ அனுப்பிய கூகுள் ஃபார்ம் பதில்களையும் பார்த்தேன். பாதிக்கு மேல் ‘கண்டிப்பாக வாங்குவேன்’ என்று டிக் அடித்திருக்கிறார்கள். டிக் அடிக்கக் காசு வேண்டாம், பாப்பா. கடையில் நின்று பர்ஸைத் திறக்கும்போதுதான் மனசு தெரியும்.

நான் இருந்த கம்பெனி சோப்புத்தூளை அட்டைப்பெட்டியில் இறக்கிய கதையைக் கேட்டே வளர்ந்தவள் நீ. சென்னையில் ஏசி ஹோட்டலில் பெண்களை உட்காரவைத்து, காபியும் பரிசும் கொடுத்து, ‘பெட்டி எப்படி இருக்கிறது?’ என்று கேட்டார்கள். பரிசு வாங்கிய கையோடு யார் குறை சொல்வார்கள்? நாங்கள் விற்கப் போன ஊர்களில் பெண்கள் துவைத்தது வாய்க்கால் படியிலும் பொதுக் குழாயடியிலும். அங்கே பெட்டியின் அடி நனைந்து, தூள் கட்டிபட்டு, அட்டை கையோடு பிய்ந்து வந்தது. எழுதி அனுப்பினேன், பதிலே இல்லை. சரக்கு திரும்பியபோது மட்டும் ‘சேல்ஸ் ஆட்கள் சரியில்லை’ என்று மீட்டிங்கில் எங்களை நிற்கவைத்தார்கள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் அடிபட்டுத்தான் கற்றன. 2002 வாக்கில் ஜில்லெட், இந்தியாவுக்கென்று மாற்றிய ஒரு ரேசரை அமெரிக்காவில் எம்ஐடியில் படித்த நம் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தது. அருமை என்றார்கள். இங்கே எடுபடவில்லை. அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. இங்கே பலர் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சவரம் செய்தார்கள். பிளேடில் முடி அடைத்துக்கொண்டது. பிறகு அந்தக் கம்பெனி ஆட்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு 3,000 மணி நேரம் செலவிட்டு, வீட்டிலும் கடையிலும் கூடவே இருந்து பார்த்தார்கள். 2010-இல் வந்த ஜில்லெட் கார்டு அப்படிப் பிறந்ததுதான். ஒற்றை பிளேடு, எளிதில் அலசலாம். அப்போது ரேசர் 15 ரூபாய், பிளேடு 5 ரூபாய்.

நீயும் பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் வீடுகளுக்குப் போய் உட்கார். விற்க வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ‘வாங்குவீர்களா?’ என்று கேட்காதே. ‘கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எங்கே வைக்கிறீர்கள், காட்டுங்கள்’ என்று கேள். அனுமதி வாங்கிப் படம் எடு. பார்த்ததை அன்றிரவே எழுது. மறுநாள் பாதி மறந்துவிடும். புதிதாக ஒன்றும் கண்ணில் படாத வரைக்கும் வீடு மாற்றிக்கொண்டே போ. எத்தனை பேர் என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் தெருவிலேயே பார். லிக்விட் வாங்கினால் பாதியைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தண்ணீர் கலந்து, மூடியில் ஊசியால் துளை போட்டுச் சொட்டுச் சொட்டாகப் பிழிகிறார்கள். வேலைக்கு ஆள் வருகிற வீடுகளில் வீட்டுக்காரம்மா கிண்ணத்தில் அளந்து ஊற்றி வைத்துவிட்டுப் பாட்டிலை உள்ளே எடுத்துப் போகிறார். வாங்குகிறவர் ஒருவர், தேய்க்கிறவர் வேறொருவர். உன் பம்பை இவர்களில் யார் அழுத்துவது?

மோல்டுக்குப் பணம் கட்டுவதா, முதலில் ஊர் சுற்றுவதா என்பது உன் முடிவு. நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் ஊர் சுற்ற ஆகிற செலவு பஸ் சார்ஜும் டீக்காசும்தான். மோல்டு போட்ட பிறகு பாட்டிலை மாற்ற நினைத்தால் வளையல் திரும்பாது.

திட்டுவதாக நினைக்காதே, கண்ணு. நம் குடும்பத்தில் சொந்தக் காலில் தொழில் தொடங்க முதலில் துணிந்தவள் நீதான். அதைச் சொல்லி நான் பூரிக்காத நாள் இல்லை. நீ பம்ப் பாட்டிலே போட்டாலும் முதல் பெட்டி எனக்குத்தான். தெருவுக்கே நான் விற்றுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. அத்தை உனக்காக அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலையிலிருந்து வீடு வீடாக நானும் உன்னோடு வருகிறேன். நோட்டுப் புத்தகம் கூட வாங்கிவிட்டேன்.

ஆசிகளுடன்,
மாமா