4,256 ஹிட்களும் ஒரு வாழ்நாள் தடையும்



அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் மிக அதிக ஹிட்கள் அடித்தவர் பீட் ரோஸ். 1963 முதல் 1986 வரை 24 சீசன்கள் ஆடி அவர் சேர்த்தவை 4,256. மிக அதிக ஆட்டங்களில் ஆடியவரும் அவரே: 3,562. இத்தனை இருந்தும், நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் ஊரில் உள்ள பேஸ்பால் புகழரங்கத்தில் அவர் சேர்க்கப்படவில்லை. 1989இல் அவர் மீது விழுந்த வாழ்நாள் தடை அதற்குக் காரணம். ஒருவர் களத்தில் செய்து முடித்த சாதனையும், அந்த விளையாட்டு அவருக்கு அளிக்கும் மரியாதையும் தனித்தனிக் கணக்குகள். பீட் ரோஸின் வாழ்க்கையில் அந்த இரண்டு கணக்குகளும் தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன.

முதலில், ஹிட் என்பது என்ன? எதிரணியின் பிட்சர் வீசும் பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் பிழை எதுவும் கைகொடுக்காமல், குறைந்தது முதல் தளத்தையாவது பத்திரமாகச் சென்று சேர்ந்தால் அது ஒரு ஹிட். இது கிரிக்கெட்டில் ஓர் ஓட்டம் எடுப்பதைப் போல எளிதன்று. பத்து வாய்ப்புகளில் மூன்றை ஹிட்டாக்குபவரே சிறந்த மட்டையாளர் எனப்படுகிறார். அவரும் மீதி ஏழில் தோற்றுத் திரும்புகிறார். ஒரு சீசனில் 200 ஹிட்கள் என்பது மிகச் சிலருக்கே கைகூடும் எண்ணிக்கை. ஆண்டுக்கு 200 வீதம் 21 ஆண்டுகள் இடைவிடாமல் அடித்தாலும் 4,200தான் வரும். ரோஸின் எண்ணிக்கை அதையும் தாண்டி நிற்கிறது.

ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் 1941 ஏப்ரல் 14 அன்று பிறந்தவர் பீட் ரோஸ். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சொந்த ஊர் அணியான சின்சினாட்டி ரெட்ஸ் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. 1963இல் மேஜர் லீக்கில் அறிமுகமான அவர், அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரருக்கான விருதைப் பெற்றார். பிட்சர் நான்கு முறை சரியான இடத்தில் பந்தை வீசத் தவறினால், மட்டையாளர் சாவகாசமாக நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம். ரோஸ் அப்போதும் ஓடினார். அந்த ஆண்டு பயிற்சி ஆட்டங்களில் இதைக் கண்ட நியூயார்க் யாங்கீஸ் அணியினர் கேலியாக அவருக்குச் ‘சார்லி ஹஸல்’ என்று பெயர் வைத்தனர். கேலிப்பெயரை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். தளத்தை நெருங்கும்போது தலையை முன்நீட்டி, நெஞ்சு மண்ணில் உரசப் பாய்ந்து விழுவது அவருடைய அடையாளம் ஆயிற்று.

உடல் வலிமையால் பந்தை அரங்குக்கு வெளியே பறக்கவிடும் ஆட்டக்காரர் அல்லர் அவர். 24 ஆண்டுகளில் அவர் அடித்த ஹோம் ரன்கள் 160 மட்டுமே. அவருடைய ஹிட்களில் 3,215, முதல் தளத்தை மட்டும் பெற்றுத் தந்தவை. இடக்கையாகவும் வலக்கையாகவும் நின்று ஆடக்கூடிய அவர், பிட்சருக்கு ஏற்றபடி பக்கத்தை மாற்றிக்கொள்வார். 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் மிக உயர்ந்த மட்டைச் சராசரி அவருடையது. 1973இல் அந்த லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் கிடைத்தது. சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு 17 முறை தேர்வானார். அதுவும் இரண்டாம் தளம், இடப்புறக் களம், வலப்புறக் களம், மூன்றாம் தளம், முதல் தளம் என ஐந்து வெவ்வேறு இடங்களுக்கு உரியவராக.

அவருடைய வேகத்தில் முரட்டுத்தனமும் இருந்தது. 1970 ஆல் ஸ்டார் ஆட்டம் சின்சினாட்டியில் நடந்தது. பன்னிரண்டாம் இன்னிங்ஸில் வெற்றிக்கான ஓட்டத்தை எடுக்க ஓடிவந்த ரோஸ், வழியில் நின்ற கேட்சர் ரே ஃபாஸி மீது மோதிச் சாய்த்தார். ஓட்டம் கிடைத்தது. ஃபாஸியின் தோள் எலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் தம் பழைய ஆட்டத்திறனை முழுமையாக எட்டவில்லை. காட்சிக்காக ஆடப்படும் ஓர் ஆட்டத்தில் அப்படி மோதியிருக்க வேண்டுமா என்ற விவாதம் பல்லாண்டுகள் நீடித்தது.

ஜானி பெஞ்ச், ஜோ மார்கன், டோனி பெரெஸ் ஆகியோருடன் ரோஸ் ஆடிய ரெட்ஸ் அணி, 1970களில் ‘பெரிய சிவப்பு இயந்திரம்’ என்று அழைக்கப்பட்டது. 1975 சீசனின் நடுவே, ஜார்ஜ் ஃபாஸ்டருக்கு இடப்புறக் களத்தில் இடம் தருவதற்காக, தமக்குப் பழக்கமில்லாத மூன்றாம் தளத்துக்கு ரோஸ் மாறினார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும், மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரை ரெட்ஸ் வென்றது. 1975 உலகத் தொடரின் சிறந்த வீரர் ரோஸ்தான். 1978இல் தொடர்ந்து 44 ஆட்டங்களில் ஹிட் அடித்து, நேஷனல் லீக்கில் 1897இல் வில்லி கீலர் எட்டிய எண்ணிக்கையைச் சமன் செய்தார். பிறகு பிலடெல்பியா பில்லீஸ் அணிக்குச் சென்றார். 1980இல் அந்த அணி தன் வரலாற்றின் முதல் உலகத் தொடர் வெற்றியைப் பெற்றபோது அவரும் அதில் இருந்தார். 1984இல் சிறிது காலம் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியில் ஆடியபின், அதே ஆண்டு ஆகஸ்டில் சின்சினாட்டிக்கே திரும்பினார். இம்முறை வீரராகவும் அணியின் மேனேஜராகவும் இரட்டைப் பொறுப்பு.

1985 செப்டம்பர் 11 அன்று, சான் டியேகோ பாட்ரெஸ் அணியின் பிட்சர் எரிக் ஷோ வீசிய பந்தில் ரோஸ் தம் 4,192ஆவது ஹிட்டை அடித்தார். 1928இல் ஓய்வுபெற்ற டை காப் விட்டுச்சென்ற 4,191 என்ற எண்ணிக்கை அன்று முறியடிக்கப்பட்டது. அப்போது ரோஸுக்கு வயது 44. சொந்த ஊர் மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். 1986இல் ஆட்டக்காரராகக் கடைசியாகக் களமிறங்கினார். மேனேஜர் பொறுப்பில் மட்டும் தொடர்ந்தார்.

சரிவு 1989இல் வெளிப்பட்டது. ரோஸ் சூதாட்டத் தரகர்கள் வழியாகப் பந்தயம் கட்டுகிறார் என்ற செய்தி பேஸ்பால் நிர்வாகத்தை எட்டியது. வழக்கறிஞர் ஜான் டவுட் விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். அவர் அளித்த 225 பக்க அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்களையும், தொலைபேசிப் பதிவுகளையும், பந்தயக் குறிப்புகளையும் தொகுத்தது. 1987 சீசனில் மட்டும், தாமே மேனேஜராக இருந்த ரெட்ஸ் அணியின் 52 ஆட்டங்களில் ரோஸ் பந்தயம் கட்டியதாக அது கூறியது. ரெட்ஸ் தோற்கும் என்று அவர் கட்டியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. 1989 ஆகஸ்ட் 24 அன்று, நிரந்தரமாகத் தகுதி இழந்தவர்களின் பட்டியலில் தம் பெயர் சேர்க்கப்படுவதை ஏற்று ரோஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். தடையை அறிவித்த, பேஸ்பால் நிர்வாகத்தின் தலைவரான கமிஷனர் பார்ட் ஜியாமாட்டி, எட்டே நாளில் மாரடைப்பால் இறந்தார்.

தம் அணி வெல்லும் என்றுதானே பந்தயம் கட்டினார், அதில் என்ன கேடு என்ற கேள்வியை ரோஸின் ஆதரவாளர்கள் இன்றும் எழுப்புகிறார்கள். இதற்கான விடையில்தான், பந்தயத்தைத் தடை செய்யும் விதியின் உயிர் இருக்கிறது. பேஸ்பால் சீசனில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. பிட்சர்களின் தோள்கள் அத்தனை மாதங்களும் தாங்கும்படி யாரை எப்போது ஆடவிடுவது, யாருக்கு எப்போது ஓய்வு தருவது என்று முடிவெடுப்பது மேனேஜரின் முதன்மையான வேலை. இன்றைய ஆட்டத்தில் அவருடைய சொந்தப் பணம் இருந்தால், நாளைக்கு வைத்திருக்க வேண்டிய பிட்சரை இன்றே களைத்துப்போக விடும் ஆசை எழும். காயம் ஆறாத வீரரைக் களத்தில் இறக்கத் தோன்றும். அணியின் நலனும் மேனேஜரின் பணமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது கேடு இன்னும் நுட்பமானது. ஒரு மேனேஜர் சில ஆட்டங்களில் பந்தயம் கட்டி, சிலவற்றில் கட்டாமல் விட்டால், கட்டாத நாளே தரகர்களுக்கு ஒரு தகவல் ஆகிவிடும். இன்று தம் அணி மீது அவருக்கே நம்பிக்கை இல்லை என்று அவர்கள் புரிந்துகொள்வார்கள். மூன்றாவது, கடன். தோற்ற பந்தயங்களுக்குப் பணம் தர முடியாத மேனேஜர், தரகர்களின் பிடிக்குள் போய்விடுகிறார். கடனுக்கு ஈடாக ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி அவர்கள் கேட்கும் நாள் வரக்கூடும். அந்த நாள் வந்ததா இல்லையா என்பதை விதி பார்ப்பதில்லை. அப்படி ஒரு நாள் வரவே வாய்ப்பு இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் விதி எழுதப்பட்டது.

அந்த விதிக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1919 உலகத் தொடரில் பணத்துக்காகத் தோற்க உடன்பட்டதாகச் சிகாகோ வைட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அந்தத் தொடரை வென்ற அணி சின்சினாட்டி ரெட்ஸ். 1921இல் நீதிமன்றம் வீரர்களை விடுவித்த பிறகும், பேஸ்பாலின் முதல் கமிஷனரான நீதிபதி கெனசா மவுண்டன் லாண்டிஸ் எட்டுப் பேரையும் ஆயுளுக்கும் விலக்கினார். பந்தயத்தைத் தடை செய்யும் அந்த 21ஆம் விதி இன்றும் ஒவ்வோர் அணியின் உடைமாற்றும் அறையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. தமக்குத் தொடர்பில்லாத பேஸ்பால் ஆட்டத்தில் பந்தயம் கட்டினால் ஓராண்டுத் தடை. தாம் பங்கேற்கும் ஆட்டத்தில் கட்டினால் நிரந்தரத் தடை. வெல்லக் கட்டியதா, தோற்கக் கட்டியதா என்ற வேறுபாடு விதியில் இல்லை.

தடைக்குப் பிறகும் துன்பங்கள் தொடர்ந்தன. பொய்யான வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததை 1990இல் ஒப்புக்கொண்ட ரோஸ், ஐந்து மாதங்கள் சிறையில் இருந்தார். 1991இல், நிரந்தரத் தடைப் பட்டியலில் உள்ளவர்கள் தேர்தலுக்கே தகுதியற்றவர்கள் என்று புகழரங்கம் முடிவெடுத்தது. ரோஸின் பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெறத் தகுதி பெறுவதற்குச் சற்று முன்பு வந்த முடிவு இது.

இத்தனைக்கும் மேலாக அவருக்குத் தீங்கு செய்தது அவருடைய மறுப்பு. பேஸ்பாலில் பந்தயம் கட்டவே இல்லை என்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர் சாதித்தார். 2004இல் வெளியான தம் நூலில்தான், மேனேஜராக இருந்தபோது கட்டியதை ஒப்புக்கொண்டார். ஆட்டக்காரராக இருந்தபோது கட்டவில்லை என்ற மறுப்பு அதன் பிறகும் நீடித்தது. 1986இல் ஆடிக்கொண்டிருந்தபோதே பந்தயம் கட்டியதைக் காட்டும் குறிப்பேட்டுப் பக்கங்களை 2015இல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், தடையை நீக்கக் கோரிய அவருடைய மனுவைக் கமிஷனர் ராப் மேன்ஃபிரட் நிராகரித்தார். உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் மன்னிப்பு எளிதாகியிருக்கும் என்பது பலரின் கருத்து. துண்டு துண்டாக வெளிவந்த உண்மை, அடுத்த சொல்லையும் சந்தேகிக்க வைத்தது.

2017இல் வேறு வகையான, கடுமையான குற்றச்சாட்டு எழுந்தது. 1970களில், தமக்கு 16 வயது நிரம்பும் முன்பே ரோஸ் தம்முடன் உறவு வைத்திருந்ததாக ஒரு பெண் நீதிமன்றத்தில் தாக்கலான வாக்குமூலத்தில் கூறினார். உறவை ஒப்புக்கொண்ட ரோஸ், அப்போது அந்தப் பெண்ணுக்கு 16 வயது என்றே கருதியதாகக் கூறினார். குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆயினும் பில்லீஸ் அணி அவருக்குச் செய்யவிருந்த சிறப்பைக் கைவிட்டது. அவரைப் பற்றிய எந்த மதிப்பீடும் இதை ஒதுக்கிவிட முடியாது.

பேரி பாண்ட்ஸின் வழக்கோடு ஒப்பிட்டால் ரோஸின் நிலை மேலும் தெளிவாகும். மிக அதிகமாக 762 ஹோம் ரன்கள் அடித்த பாண்ட்ஸ் மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு உண்டு. அங்கே சந்தேகம் சாதனையின் மீதே விழுகிறது. ரோஸின் தடையோ அவருடைய 4,256 ஹிட்களின் மீது எழுந்த சந்தேகத்தால் வந்ததன்று. பாண்ட்ஸின் பெயர் புகழரங்க வாக்குச்சீட்டில் இருந்தது. 2022இல் 66 விழுக்காடு வாக்குகள் பெற்று, தேவையான 75ஐ எட்டாமல் தோற்றார். ரோஸுக்கோ வாக்கெடுப்புக்கு நிற்கும் வாய்ப்பே அளிக்கப்படவில்லை.

இதற்கிடையே அமெரிக்காவில் காலம் மாறியது. 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டப்படி அனுமதிக்கும் உரிமையை மாநிலங்களுக்கு அளித்தது. பந்தய நிறுவனங்களின் விளம்பரங்கள் பேஸ்பால் அரங்குகளிலேயே தொங்குகின்றன. ஆயினும் ஆடுபவர்களுக்கான விதி தளரவில்லை. தாம் இருந்த அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டிய டுகுபிட்டா மார்கானோ என்ற வீரருக்கு 2024 ஜூனில் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. பார்வையாளர் பந்தயம் கட்டுவதும், ஆட்டத்தின் போக்கை மாற்றும் கையுடையவர் கட்டுவதும் ஒன்றல்ல என்பதை இந்த முடிவு மீண்டும் நிலைநாட்டியது.

2024 செப்டம்பர் 30 அன்று, 83ஆம் வயதில் பீட் ரோஸ் காலமானார். 2025 மே 13 அன்று, நிரந்தரத் தடை ஒருவரின் மரணத்தோடு முடிவுக்கு வருகிறது என்று மேன்ஃபிரட் அறிவித்தார். இறந்தவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு இனி ஆபத்து இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ரோஸோடு, 1919 வழக்கில் விலக்கப்பட்ட ஜோ ஜாக்சன் உள்ளிட்ட மொத்தம் 17 பேரின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இது குற்றத்தைத் துடைக்கும் தீர்ப்பு அன்று. தண்டனைக் காலத்துக்கு வரம்பு கட்டிய முடிவு மட்டுமே.

பழைய காலத்து வீரர்களைப் பரிசீலிக்கும் புகழரங்கக் குழு 2027 டிசம்பரில் கூடவிருக்கிறது. ரோஸின் பெயர் அங்கே முன்வைக்கப்பட்டால், 16 உறுப்பினர்களில் 12 பேரின் ஆதரவு தேவைப்படும். புகழரங்கத்தின் விதிமுறை, வீரரின் சாதனையையும் திறமையையும் மட்டுமின்றி, அவருடைய நேர்மை, விளையாட்டுப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றையும் எடைபோடச் சொல்கிறது. முதல் இரண்டில் ரோஸுக்கு எதிராகச் சொல்ல எதுவும் இல்லை. மற்ற மூன்றில் அவரே எழுதிவைத்துச் சென்ற வரலாறு இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் முன்னே வைத்துப் பார்ப்பவரின் தீர்ப்பே, அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும், நியாயமான தீர்ப்பாக இருக்கும்.