பலியும் பசுவும்

பசு என்னுஞ் சொல்லுக்கு வேள்வி நூலார் வேள்வியில் இடப்படும் விலங்கு எனவும், சைவ சித்தாந்த நூலார் பாசத்தாற் கட்டுண்ட உயிர் எனவும் பொருள் கொள்வர். இவ்விரு பொருளையும் ஒருங்குவைத்து நோக்கின் உயிர்ப்பலியின் இயல்பு புலனாகும்.

நம் சிற்றூர்க் கோயில்களிற் கிடாய் வெட்டுமுன் அதன்மேல் மஞ்சள் நீர் தெளிப்பர். அது மெய்சிலிர்த்துத் தலையசைத்த பின்னரே, உத்தரவு கிடைத்ததென்று வெட்டுவர். அசையாதாயின் மீண்டுந் தெளித்துக் காத்திருப்பர். அவ்வசைவைத் தெய்வத்தின் உத்தரவு என்பாரும், ஆட்டின் இசைவு என்பாரும் உளர். இவ்வழக்கத்தை யாம் இகழேம். கேளாது கொள்ளுதல் தகாதென அம்மக்கள் உள்ளம் உணர்ந்தமைக்கு இதுவே சான்று. கல்லினிடத்தும் கட்டையினிடத்தும் எவரும் இசைவு வேண்டார். அறிவு, இச்சை, செயல் என்னும் மூன்றும் உயிர்க்குரியன என்பது சித்தாந்தம். ஆகவே, ஆட்டின் இசைவை எதிர்நோக்குவார் அதனையும் தம்மைப்போல் ஓர் உயிரென ஒப்புக்கொண்டாராவர். ஆயின், குளிர்நீர் பட்ட உடல் சிலிர்ப்பது இசைவாகுமோ?

பலியான விலங்கு நற்பிறப்பு எய்துமாதலின் அஃது அதற்கு நன்மையேயாம் எனின், அற்றன்று. வினைப்பயன் செய்தானையே சாரும். இங்கு வினை செய்தார் வேண்டிக்கொண்டாரும் வெட்டினாருமேயன்றி ஆடன்று. ஓருயிரின் மலம் பிறிதோருயிரின் குருதியாற் கழுவப்படும் என்பதும் பொருந்தாது.

வேதம் விதித்ததாலோ எனின், ஐதரேய பிராமணமும் சதபத பிராமணமும் கூறுவது காண்க. வேள்விக்குரிய சாரம் மனிதன், குதிரை, எருது, செம்மறி, வெள்ளாடு என்பவற்றை முறையே விட்டு நீங்கி, நிலத்துட் புகுந்து தானியமாயிற்று என்பன அவை. மத்துவ நெறியினர் மாவினாற் செய்த பசுவை இடுவர். 1975-ஆம் ஆண்டில் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் இயற்றிய அதிராத்திர வேள்வியில், ஆடுகளுக்கு மாறாக வாழையிலையிற் பொதிந்த அரிசிமாவே இடப்பட்டது.

இனி, சட்டத்தால் இது தீருமோ எனின், பலித்தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 1950-இல் தோன்றி நெடுங்காலம் வாளாகிடந்தது. 2003-இல் அதனைக் கடிது செயற்படுத்தவே, தம் குலதெய்வ வழிபாடு இகழப்பட்டதென மக்கள் வருந்தினர். 2004-இல் அது நீக்கப்பட்டது. உள்ளம் இசையாத விலக்கு நில்லாதென்பதற்கு இதுவே சான்று. நாடோறும் இறைச்சிக் கடைகளில் நிகழும் கொலைக்கு வாய்திறவாதிருந்து, ஆண்டுக்கொருமுறை நேர்த்திக்கடன் செலுத்தும் ஏழையை மட்டும் பழித்தல் அறமுமாகாது.

சிவாலயத்திற் கொடிமரத்தருகே பலிபீடம் உளது. ஆண்டு வீழ்ந்து வணங்குவார் இடவேண்டிய பலி, யான் எனது என்னுஞ் செருக்காகிய தம் பசுத்துவமே. பிறிதோர் பசுவை அதற்கு ஈடாக நிறுத்துதல் கடனை அயலான் தலையிற் சுமத்துதலாம்.

ஆதலின், குலதெய்வ வழிபாடுடைய அன்பர்களை யாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த கொடைவிழாவில் நீர் தெளிக்குமுன் கயிற்றை அவிழ்த்துவிடுக. கிடாய் விலகி நடக்குமாயின், அதனையே உத்தரவாகக் கொண்டு, பொங்கலும் பூசணிக்காயும் படைத்து வழிபடுக.